பங்கு வாங்கும் முன் கம்பெனியைப் படிப்பது எப்படி? டைட்டனை வைத்து ஒரு செய்முறை

ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை நான் முதன்முதலில் திறந்து பார்த்தது, அதன் பங்கை வாங்கி ஒன்றரை வருடம் ஆன பிறகு. கூட வேலை பார்த்தவர் நல்ல பங்கு என்றார், வாங்கினேன். விலை பாதிக்கும் கீழே போன பிறகுதான் இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றியது. லாபம் வருடா வருடம் ஏறியிருந்தது. ஆனால் விற்ற சரக்குக்கு வரவேண்டிய பாக்கி அதைவிட வேகமாக ஏறியிருந்தது. புரொமோட்டர், அதாவது கம்பெனியைத் தொடங்கி நடத்துகிறவர், தன் பங்குகளில் பெரும்பகுதியை அடமானம் வைத்திருந்தார். இரண்டு தகவலும் நான் வாங்கிய அன்றைக்கே எல்லாரும் இலவசமாகப் படிக்கக் கிடைத்தவை. அரை நாள் ஒதுக்கியிருந்தால் ஒரு லட்சத்துச் சொச்சம் மிஞ்சியிருக்கும்.

அந்த அரை நாள் வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கணக்குப் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. வீட்டு வரவுசெலவு எழுதத் தெரிந்தால் போதும்.

எடுத்துக்காட்டுக்கு டைட்டன் நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன். வாங்குங்கள் என்றோ விற்றுவிடுங்கள் என்றோ சொல்வதற்காக அல்ல. நகைக்கடை நமக்கு நன்றாகத் தெரிந்த தொழில். சேதாரம், செய்கூலி, நகைச் சீட்டு எல்லாம் விளக்காமலே புரியும். அதோடு இந்தக் கம்பெனி நம் பக்கத்தில் பிறந்தது. 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. கைக்கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில். இன்றும் டிட்கோவிடம் ஏறக்குறைய 28 சதவீதப் பங்கு இருக்கிறது, டாடா குழுமத்திடம் ஏறக்குறைய 25 சதவீதம். பெயரளவுக்கு டாடா கம்பெனி என்றாலும் அதில் பெரிய பங்குதாரர் நம் மாநில அரசுதான் என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

வேண்டியவை மூன்று. ஒன்று, கம்பெனியின் கடைசி மூன்று ஆண்டறிக்கைகள். பி.எஸ்.இ. அல்லது என்.எஸ்.இ. இணையதளத்தில் கம்பெனி பெயரைத் தேடினால் பி.டி.எஃப். ஆகவே கிடைக்கும். இரண்டு, பத்து வருடக் கணக்குச் சுருக்கம். ஸ்க்ரீனர் போன்ற தளங்களில் ஒரே பக்கத்தில் பார்க்கலாம். மூன்று, கடைசி நாலு காலாண்டு முடிவுகளும், அவற்றை ஒட்டி நிர்வாகம் பங்குச்சந்தை ஆய்வாளர்களோடு பேசும் கான்காலின் எழுத்து வடிவமும். இந்தக் கான்காலைப் புதியவர்கள் யாரும் தொடுவதில்லை. உண்மையில் ஆண்டறிக்கையைவிட அதில்தான் நேரடியான கேள்வியும் பதிலும் இருக்கும். எந்தக் கேள்விக்கு நிர்வாகம் சுற்றிவளைத்துப் பதில் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆண்டறிக்கை முந்நூறு, நானூறு பக்கம் இருக்கும். பயப்பட வேண்டாம். முன்பக்கத்துப் படங்களையும் சிரித்த முகங்களையும் தாண்டிவிடுங்கள். நிர்வாகத்தின் தொழில் அலசல், ஆடிட்டர் அறிக்கை, மூன்று கணக்குப் பட்டியல்கள் (லாப நட்டக் கணக்கு, சொத்தையும் கடனையும் காட்டும் பேலன்ஸ் ஷீட், காசு வந்துபோனதைக் காட்டும் கேஷ் ஃப்ளோ), அவற்றுக்குக் கீழே உள்ள குறிப்புகள், இவ்வளவுதான் படிக்க வேண்டியது. தனிக் கணக்கு, குழுமக் கணக்கு என்று இரண்டு இருக்கும். துணை நிறுவனங்களையும் சேர்த்த குழுமக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் எண்களும் அவைதான்.

காசு எப்படி வருகிறது?

ஒரு நோட்டை எடுத்து, இந்தக் கம்பெனி யாருக்கு எதை விற்கிறது, எதில் லாபம் பார்க்கிறது என்று நாலு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தக் கம்பெனி உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். அடுத்ததைப் பாருங்கள்.

டைட்டன் என்றால் கடிகாரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஆண்டறிக்கையில் தொழில்வாரியான கணக்கைத் திறந்தால், விற்பனையின் மிகப்பெரும் பகுதி நகையிலிருந்து வருவது தெரியும். தனிஷ்க், மியா, ஜோயா, கேரட்லேன் எல்லாம் இவர்களுடையவை. கடிகாரம், மூக்குக்கண்ணாடி, தனெய்ரா புடவை எல்லாம் அதற்கு அடுத்துதான். ஆக நாம் படிப்பது ஒரு நகைக்கடையை.

நகைக்கடையில் லாபம் எங்கே? தங்கத்தின் விலை ஊருக்கெல்லாம் ஒன்று. அதில் கடைக்காரர் பெரிதாக எதுவும் வைக்க முடியாது. செய்கூலி, சேதாரத்தில்தான் அவருடைய வருமானம். தங்கக் காசு விற்றால் மிகக் கொஞ்சம், சங்கிலி, வளையல் என்றால் அதைவிட நன்றாக, வைரக்கல் பதித்த நகை என்றால் இன்னும் அதிகம். அதனால் மொத்த விற்பனை எவ்வளவு என்பதோடு, அதில் கல் பதித்த நகைகளின் பங்கு எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். காலாண்டு விளக்கக் குறிப்பில் கம்பெனியே இதைச் சொல்கிறது. இந்தப் பங்கு குறைந்தால், விற்பனை கூடினாலும் லாபம் அந்த அளவுக்குக் கூடாது.

அப்புறம், அந்தத் தங்கத்தை இவர்கள் எப்படி வாங்குகிறார்கள்? பேலன்ஸ் ஷீட்டில் கடன் தங்கம் என்று தனியாக ஒரு வரி இருக்கும். வங்கியிடமிருந்து தங்கத்தைத் தங்கமாகவே கடன் வாங்குகிறார்கள். நகை விற்கும் நாளில் என்ன விலையோ அந்த விலைக்குப் பணம் கட்டினால் போதும். இடையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் கடைக்கு அடி விழாது, வட்டியும் பணக்கடனைவிடக் குறைவு. தொழிலின் முதுகெலும்பு இது. 2013-ல் தங்க இறக்குமதியைக் கட்டுப்படுத்த ரிசர்வ் வங்கி இந்த வழியை இறுக்கியபோது, தொழிலுக்குப் போட வேண்டிய முதல் திடீரென்று கூடிவிட்டது. இப்படி அரசின் ஒரு சுற்றறிக்கையால் தொழில் எங்கே ஆட்டம் காணும் என்று எந்தக் கம்பெனியிலும் தேடிப் பார்த்துக் குறித்துவையுங்கள்.

நகைச் சீட்டும் அப்படித்தான். வாடிக்கையாளர் மாதாமாதம் கட்டும் பணம் கடைக்குக் கிட்டத்தட்ட வட்டியில்லாத முதல். 2013-ன் கம்பெனிகள் சட்டத்தை ஒட்டி வந்த விதிகளில், சரக்குக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் நேர் செய்யாவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்று வந்தது. இன்றைக்கு நகைச் சீட்டுகள் பெரும்பாலும் பத்து, பதினொரு மாதத்தில் முடிவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு கேள்வி: மக்கள் ஏன் பக்கத்துக் கடைக்குப் போகாமல் இங்கே வருகிறார்கள்? தனிஷ்க் தொடங்கிய முதல் சில வருடங்கள் நட்டத்தில்தான் போயின. பிறகு கடையிலேயே காரட் மீட்டர் வைத்து, உங்கள் பழைய நகையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று கண்ணெதிரே காட்டினார்கள். பரம்பரைக் கடையில் 22 காரட் என்று வாங்கியது அதற்குக் குறைவாக இருப்பதைப் பார்த்து அதிர்ந்த குடும்பங்கள் உண்டு. அந்த நம்பிக்கைதான் இவர்களுக்குக் கூடுதல் செய்கூலியைப் பெற்றுத் தந்தது. சரி, ஆனால் 2021 ஜூன் முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாகிவிட்டது. 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க அடையாள எண் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. சின்னக் கடையிலும் இப்போது பெரும்பாலும் முத்திரை போட்ட தங்கம்தான். அப்படியென்றால் கூடுதல் செய்கூலிக்கு மக்கள் இனியும் சம்மதிப்பார்களா? வடிவமைப்பு, பழைய நகை மாற்றும் வசதி, பெயர் இவற்றுக்காகச் சம்மதிப்பார்கள் என்பது என் எண்ணம். உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம். உங்கள் பதிலை நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்து நீங்கள் நினைத்தது நடந்ததா என்று பார்க்க அது வேண்டும்.

விற்பனையும் லாபமும்

லாப நட்டக் கணக்கைப் பத்து வருடத்துக்கு வரிசையாக எழுதுங்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்ப்பது வீண் வேலை.

2014-15-ல் டைட்டனின் விற்பனை சுமார் 11,900 கோடி ரூபாய், நிகர லாபம் சுமார் 820 கோடி. 2024-25-ல் விற்பனை சுமார் 60,450 கோடி, லாபம் சுமார் 3,340 கோடி. பத்து வருடத்தில் விற்பனை ஐந்து மடங்கு, லாபம் நாலு மடங்கு. லாப வளர்ச்சி வருடத்துக்குக் கூட்டு விகிதத்தில் 15 சதவீதம். இடையில் கொரோனா வருடமான 2020-21-ல் லாபம் ஆயிரம் கோடிக்கும் கீழே இறங்கி, அடுத்த வருடமே இரண்டு மடங்குக்கு மேல் மீண்டது.

இதோடு நிறுத்தினால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். கடைசி மூன்று வருடங்களை மட்டும் கிட்டத்தில் பாருங்கள். 2022-23-ல் விற்பனை 40,575 கோடி, லாபம் 3,274 கோடி. 2023-24-ல் விற்பனை 51,084 கோடி, லாபம் 3,496 கோடி. 2024-25-ல் நாம் பார்த்த 60,450-ம் 3,340-ம். இரண்டு வருடத்தில் விற்பனை ஏறக்குறைய பாதி கூடியிருக்கிறது, லாபமோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. நூறு ரூபாய்க்கு விற்றால் எட்டு ரூபாய் நின்றது போய், 2024-25-ல் ஐந்தரை ரூபாய்தான் நின்றது.

இப்படி ஓர் இடம் கண்ணில் பட்டதும் ஏன் என்று கேட்பதுதான் இந்த வேலையின் உயிர். விடை கான்கால்களில் கிடைக்கும்.

ஒரு காரணம் தங்கத்தின் விலை. சென்னையில் சவரன் 2024 மார்ச் கடைசியில் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது, 2025 மார்ச் கடைசியில் 67,000-ஐத் தாண்டியிருந்தது. அதே வளையலை விற்றாலும் பில் தொகை கூடிவிடும். ஆகவே விற்பனை 18 சதவீதம் கூடியது என்று படித்ததும் மகிழ வேண்டாம், எத்தனை கிராம் விற்றார்கள் என்று தேடுங்கள். இரும்பு, சர்க்கரை, சமையல் எண்ணெய் என்று விலை ஏறி இறங்கும் சரக்கை விற்கும் எந்தக் கம்பெனிக்கும் இது பொருந்தும்.

இன்னொரு காரணம் 2024 ஜூலை பட்ஜெட். தங்கத்தின் சுங்கவரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். வாங்குகிறவர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் கடையில் இருந்த சரக்கு 15 சதவீத வரி கட்டி வாங்கியது, விற்பதோ 6 சதவீத வரியின் விலைக்கு. தங்க விலையின் ஏற்ற இறக்கத்துக்குத்தான் கடன் தங்கம் பாதுகாப்பு, வரிக்கு இல்லை. அந்த வகையில் சில நூறு கோடி நட்டம் போனது. இது ஒருமுறை விழும் அடி. கல் பதித்த நகைகளின் பங்கு குறைவதும், மற்ற பெரிய நகைக்கடைகளின் போட்டியால் செய்கூலி இறங்குவதும் அப்படி இல்லை, நீடிக்கக்கூடியவை. லாபம் குறைந்ததற்கான காரணங்களை இந்த இரண்டு வகையாகப் பிரித்து எழுதுங்கள். முதல் வகையால் விலை விழுந்தால் அது வாய்ப்பாகலாம், இரண்டாம் வகை என்றால் நிதானம் வேண்டும்.

லாபம் காசாகக் கைக்கு வந்ததா?

நான் கோட்டைவிட்ட இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். லாபம் என்பது கணக்கில் எழுதுவது. கடனுக்கு விற்றுவிட்டால்கூட விற்பனை என்று எழுதி லாபத்தைக் காட்டலாம். காசு வந்ததா என்று தெரிய வேண்டுமானால் கேஷ் ஃப்ளோ அறிக்கையின் முதல் பகுதியில் செயல்பாட்டிலிருந்து வந்த பணம் என்ற வரியைப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது எளிய கூட்டல்தான். பத்து வருட நிகர லாபத்தைக் கூட்டுங்கள். பத்து வருடச் செயல்பாட்டுப் பணவரவைக் கூட்டுங்கள். இரண்டும் அருகருகே இருந்தால் நல்லது. பணவரவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இருந்தால் மீதி எங்கே சிக்கியிருக்கிறது என்று தேடுங்கள். ஒன்று வரவேண்டிய பாக்கியில் இருக்கும், அல்லது விற்காத சரக்கில் இருக்கும்.

நான் மாட்டிக்கொண்ட கம்பெனியில் அது பாக்கியில் இருந்தது. விற்பனை மூன்று வருடத்தில் ஒன்றரை மடங்கு, பாக்கி மூன்று மடங்கு. சரக்கை வாங்கினவர்கள் பணம் தரவே இல்லை, கடைசியில் அதில் பெரும்பகுதியை வாராக்கடன் என்று தள்ளுபடி செய்தார்கள்.

டைட்டனில் நிலைமை வேறு. நகையை யாரும் பாக்கி சொல்லி வாங்குவதில்லை, காசு கையோடு வந்துவிடுகிறது. ஆனால் சரக்கைப் பாருங்கள். 2024 மார்ச்சில் சுமார் 19,000 கோடியாக இருந்த சரக்கு இருப்பு, 2025 மார்ச்சில் சுமார் 28,000 கோடி ஆனது. தங்கம் விலை ஏறினால் கடையில் அதே எடை நகையை வைத்திருக்கவே அதிகப் பணம் வேண்டும். புதுக் கடைகளையும் நிரப்ப வேண்டும். இதனால் அந்த வருடம் 3,300 கோடிக்கு மேல் லாபம் காட்டியும் செயல்பாட்டுப் பணவரவு பூஜ்யத்துக்குக் கீழே போனது.

இது மோசடியா? இல்லை. சரக்கு தங்கம், எப்போது வேண்டுமானாலும் உருக்கிக் காசாக்கலாம். ஆனால் வளர வளர முதலை விழுங்கும் தொழில் இது என்பது புரிந்துவிடுகிறது. இதையே ஒரு துணிக்கடையிலோ செல்போன் கடையிலோ பார்த்திருந்தால் நான் அந்த அறிக்கையை அத்தோடு மூடியிருப்பேன். போன வருட மாடல் செல்போனை உருக்க முடியாது.

கடனும் நிகர மதிப்பும்

கடன் விஷயத்தில் விதி எளிது. வட்டி கட்டும் முன் உள்ள லாபம், கட்ட வேண்டிய வட்டியைப் போல் குறைந்தது நாலைந்து மடங்கு இருக்க வேண்டும். ஒரு மோசமான வருடம் வந்தாலும் கம்பெனி தாக்குப்பிடிக்க இந்த இடைவெளி வேண்டும்.

நிகர மதிப்பு என்பது கம்பெனியின் சொத்திலிருந்து எல்லாக் கடனையும் கழித்தது, அதாவது பங்குதாரர்களின் சொந்தப் பணம். அந்தப் பணத்துக்கு வருடத்துக்கு எத்தனை சதவீதம் லாபம் என்பதுதான் ஆர்.ஓ.இ. பத்து வருடமும் 15 சதவீதத்துக்கு மேல் நின்றால் நல்ல தொழில் என்று பொதுவாகச் சொல்லலாம். டைட்டனுக்கு 2022-23 முதல் 2024-25 வரையிலான மூன்று வருடங்களில் இது 30 சதவீதத்தைச் சுற்றி இருந்தது.

ஆனால் இந்த எண்ணிலும் ஒரு மடிப்பு இருக்கிறது. 2023 மார்ச்சில் சுமார் 11,900 கோடியாக இருந்த நிகர மதிப்பு, அடுத்த மார்ச்சில் சுமார் 9,400 கோடியாக இறங்கியது. 3,496 கோடி லாபம் பார்த்த வருடத்தில் சொந்தப் பணம் எப்படிக் குறையும்? கேரட்லேன் துணை நிறுவனத்தில் வெளியார் வைத்திருந்த 27 சதவீதச் சொச்சப் பங்கை அந்த வருடம் 4,621 கோடிக்கு வாங்கினார்கள். ஏற்கெனவே தன் கட்டுப்பாட்டில் உள்ள துணை நிறுவனத்தில் மீதிப் பங்கை வாங்கினால், கொடுத்த விலையின் பெரும்பகுதியை நிகர மதிப்பிலிருந்தே கழிக்க வேண்டும் என்பது கணக்கு விதி. வகுக்கும் எண் சின்னதானதும் ஆர்.ஓ.இ. தானாகப் பெரிதாகத் தெரிந்தது. தொழில் திடீரென்று சிறப்பாகிவிடவில்லை. விகிதம் குதித்தால், மேலே உள்ள எண் கூடியதா, கீழே உள்ளது குறைந்ததா என்று பாருங்கள். ஸ்க்ரீனர் பக்கத்தில் விகிதம் மட்டும்தான் தெரியும், கதை ஆண்டறிக்கையின் குறிப்பில்தான் இருக்கிறது.

வங்கி, நிதி நிறுவனங்களுக்கு மட்டும் இந்தப் பகுதி பொருந்தாது. அவர்களுக்குக் கடன் வாங்குவதே தொழில். அங்கே வாராக்கடன் விகிதம், வட்டி வரம்பு, மூலதனப் போதுமை என்று வேறு அளவுகோல்கள். முதல் கம்பெனியாக வங்கியை எடுத்துப் படிக்காதீர்கள்.

நடத்துகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள்?

2009 ஜனவரி 7-ம் தேதி சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தன் கடிதத்தில் ஒப்புக்கொண்டார்: வங்கியில் இருப்பதாகக் கணக்கில் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அதற்கு வந்ததாகக் காட்டிய வட்டியும் பொய். விற்பனை, லாபம், கையிருப்பு எல்லாம் தாளில் அழகாக இருந்த கம்பெனி அது. பெயர்பெற்ற ஆடிட்டர் கையெழுத்தும் இருந்தது. புரொமோட்டர் குடும்பத்தின் பங்குகள் பெரும்பாலும் அடமானத்தில் போயிருந்தன என்பது கடைசி நேரத்தில்தான் வெளியே தெரிந்தது. அந்த மாதமே, அடமானப் பங்கை வெளியே சொல்ல வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி விதி கொண்டுவந்தது.

அந்த விதியை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் பங்குதாரர் பட்டியல் பங்குச்சந்தை இணையதளத்தில் வந்துவிடும். அதில் புரொமோட்டர் பங்கு எத்தனை சதவீதம், அடமானம் எவ்வளவு என்று பாருங்கள். அடமானம் பெரிதாக இருந்தால் நான் மேற்கொண்டு படிப்பதில்லை. விலை விழும்போது கடன் கொடுத்தவர் அந்தப் பங்குகளைச் சந்தையில் விற்பார், விலை இன்னும் விழும். நான் பட்டது அதுதான்.

ஆண்டறிக்கையில் தொடர்புடையவர்களுடனான பரிவர்த்தனை என்று ஒரு குறிப்பு உண்டு. புரொமோட்டரின் மகன் நடத்தும் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன், மனைவி பெயரில் உள்ள கட்டடத்துக்கு வாடகை எல்லாம் அங்கே வரும். கொஞ்சம் இருக்கலாம், வருடா வருடம் வளரக் கூடாது. ஆடிட்டர் அறிக்கையில் ‘நிபந்தனைக்கு உட்பட்ட கருத்து’ என்று இருந்தால், அதாவது கணக்கில் ஏதோ ஓர் இடத்தை அவர் ஏற்கவில்லை என்றால், நின்று படியுங்கள். ஆடிட்டர் பதவிக் காலம் முடியும் முன்பே விலகியிருந்தால், சொல்லும் காரணம் எதுவானாலும், விலகிக்கொள்வது நல்லது.

டைட்டன் மாதிரி டாடாவும் மாநில அரசும் புரொமோட்டர்களாக உள்ள இடத்தில் இந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும். சின்னக் கம்பெனிகளில்தான் இதற்கு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும்.

கடைசியில் விலை

புதிதாக வருபவர்கள் சொல்லி நான் அடிக்கடி கேட்பது: ‘பங்கு 3,000 ரூபாயா, எனக்குக் கட்டுப்படியாகாது, முப்பது ரூபாயில் ஏதாவது இருக்கிறதா?’ இது தவறான பார்வை. சென்னையின் எம்.ஆர்.எஃப். பங்கு 2023-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஆனால் அந்தக் கம்பெனிக்கு மொத்தப் பங்கே 42 லட்சத்துச் சொச்சம்தான். டைட்டனுக்கு ஏறக்குறைய 88.8 கோடிப் பங்குகள். ஒரு லட்சம் விலையில் எம்.ஆர்.எஃப். முழுவதும் சுமார் 42,000 கோடி ரூபாய், 3,000 ரூபாய் விலையில் டைட்டன் முழுவதும் சுமார் 2 லட்சத்து 66 ஆயிரம் கோடி. எது பெரிய விலை?

பங்கு ஒன்றுக்கு எவ்வளவு லாபம் என்று பாருங்கள். 3,340 கோடியை 88.8 கோடிப் பங்குகளால் வகுத்தால் 37 ரூபாய் 60 காசு. பங்கு விலை 3,000 என்று வைத்தால், ஒரு ரூபாய் லாபத்துக்கு 80 ரூபாய் கொடுக்கிறோம். இதுதான் பி.இ. எண்பது என்பது. லாபம் வளராமல் இப்படியே நின்றால் போட்ட பணத்தைக் கம்பெனி சம்பாதித்து முடிக்க எண்பது வருடம் ஆகும். ஆகவே சந்தை பெரிய வளர்ச்சியை இப்போதே விலையில் ஏற்றிவிட்டது.

அந்த வளர்ச்சி நடந்தால் நமக்கு என்ன மிஞ்சும்? போட்டுப் பார்ப்போம். கடந்த பத்து வருடம் போலவே இன்னும் பத்து வருடம் லாபம் 15 சதவீதம் வளர்கிறது. 37.60 ரூபாய் 152 ரூபாய் ஆகும். அப்போது கம்பெனி இன்னும் பெரிதாகி, வேகம் தணிந்து, சந்தை 40 பி.இ. தருகிறது. நம் நாட்டில் அதுவே நல்ல மதிப்புதான். 152-ஐ நாற்பதால் பெருக்கினால் 6,080. பத்து வருடத்தில் பணம் இரண்டு மடங்கு, வருடத்துக்கு ஏழு சதவீதச் சொச்சம். டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துத் தருவது, சிறு தொகைதான், பெரிய வித்தியாசம் வராது. அதாவது கம்பெனி எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் நமக்கு வங்கி வைப்பு வட்டி மாதிரிதான் கிடைக்கும். லாபம் 20 சதவீதம் வளர்ந்தால், அதே 40 பி.இ.யில் வருடத்துக்கு 12 சதவீதம் வரும். 15 சதவீத வளர்ச்சியோடு பி.இ. எண்பதிலேயே நின்றால் 15 சதவீதம்.

இந்த மூன்றில் எது நடக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்களோ அதுதான் உங்கள் பதில். என் பதிலைக் கேட்டால், இது மிக நல்ல கம்பெனி, அந்த விலையில் எனக்கு வேண்டாம், கீழே வந்தால் பார்ப்பேன். முந்தைய பகுதிகளில் படித்தது கம்பெனியைப் பற்றி, இது விலையைப் பற்றி. இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். நல்ல கம்பெனி என்று தெரிந்ததுமே எந்த விலைக்கும் வாங்குவதுதான் படித்தவர்களும் செய்யும் தவறு.

வாங்குவதும் பிறகு பார்ப்பதும்

ஐந்து, ஏழு வருடத்துக்குத் தொடாத பணத்தை மட்டும் போடுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணமும் மருத்துவக் காப்பீடும் முதலில். ஒரே நாளில் மொத்தமும் வாங்காமல் மூன்று, நாலு காலாண்டுகளில் பிரித்து வாங்கினால், ஒவ்வொரு முடிவையும் படித்துவிட்டு அடுத்த தவணையைத் தீர்மானிக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால், 2024 ஜூலைக்குப் பிறகு உள்ள விதிப்படி, வருடத்தில் ஒன்றேகால் லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம்.

வாங்கும் முன் நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். ஏன் வாங்குகிறேன், என்ன நடந்தால் விற்பேன். ‘விலை 20 சதவீதம் விழுந்தால்’ என்று எழுதாதீர்கள், அது கம்பெனியைப் பற்றிய செய்தி இல்லை. ‘கல் பதித்த நகையின் பங்கு இரண்டு வருடம் தொடர்ந்து குறைந்தால்’, ‘கடன் எடுத்து சம்பந்தமில்லாத தொழிலை வாங்கினால்’ என்று எழுதுங்கள்.

தினமும் விலை பார்க்க வேண்டியதில்லை. காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவு வந்துவிடும், மார்ச்சில் முடியும் காலாண்டுக்கு மட்டும் 60 நாள். வருடத்துக்கு நாலு மாலை நேரம் போதும். ஜூன், ஜூலை வாக்கில் புது ஆண்டறிக்கை வரும். டைட்டனுடையது வந்ததும் நான் சரக்கு இருப்பு, கடன் தங்கம், செயல்பாட்டுப் பணவரவு என்ற மூன்று எண்களைப் போன வருடப் பக்கத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் மற்றதைப் படிக்கத் தொடங்குவேன்.